மெழுகும் ஈயமும் பட்ட கை

துவக்குச் சன்னத்துக்கு, அதாவது துப்பாக்கிக் குண்டுக்கு, மெழுகு பூசுவதுதான் என் வேலையாக இருந்தது. ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது கேட்டால் அந்த ஒரு வரி எனக்கு வாயில் வராது. "ஒரு சின்ன பாக்டரியில" என்று சொல்லிவிட்டுக் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். கேட்டவர் அடுத்த கேள்விக்கு வருமுன் அந்த இடத்தில் இருக்கமாட்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் கணவருக்கு அது பெரிய பகிடி. "அங்கை ஊரில சன்னத்துக்குப் பயந்து ஓடி வந்தனீர். இஞ்சை வந்து சன்னத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறீர்" என்பார்.

"எண்ணெய் இல்லை, மெழுகு" என்பேன்.

"அப்ப மேக்கப் போட்டு விடுறீர்."

வேலை செய்த இடம் லண்டனில், எட்மண்டன் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். கார் திருத்துகிற கராஜுக்கும் கண்ணாடி வெட்டுகிற கடைக்கும் நடுவில் ஒரு யூனிட். முதலாளி ஒரு வெள்ளைக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது கூட. இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் கைத்துவக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் லைசென்ஸ் எடுத்து, கிளப்புகளில் கடதாசி இலக்கைக் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரைபிள் வைத்திருப்பார்கள், பழைய காலத்து மாதிரியில் செய்த கைத்துவக்கும், குழல் நீண்ட கைத்துவக்கும் வைத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் நாங்கள் சன்னம் செய்தோம். வெறும் ஈயச் சன்னம் மட்டும். வெடிமருந்தும் அதை அடைக்கிற பித்தளைக் கோதும் எங்களிடம் இல்லை.

என்னை வேலைக்கு எடுத்த நாளில் அவர் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது. கேட்கத் தொடங்கி, நிறுத்தி, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டு, மறுபடியும் தொடங்கினார். முகம் சிவந்துவிட்டது. ஈயத்தோடு வேலை செய்யும் பெண்கள் பிள்ளை பெறக்கூடிய வயதில் இருந்தால் சட்டம் வேறு, மன்னிக்க வேண்டும், நான் அந்த வயதைக் கடந்துவிட்டேனா என்பதுதான் அந்தக் கேள்வி. என் இங்கிலீஷ் ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்த இங்கிலீஷ். "ஃபினிஷ்" என்றேன். அவருக்கு விளங்கவில்லையோ என்று பயந்து, "ஆல் ஃபினிஷ்" என்றேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். வேலை கிடைத்துவிட்டது.

அவர் என் வயிற்றைப் பற்றி நினைத்தார். நானும் அதைப் பற்றித்தான் நினைத்தேன். இன்னொரு வயிறு இருக்கலாம் என்று அன்றைக்கு இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வேலை கஷ்டமில்லை. அவர் பின்னறையில், காற்றை வெளியே இழுக்கும் விசிறிக்குக் கீழே நின்று ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பார். அப்படி வார்த்த சன்னம் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் சரியான அளவில் இராது. மயிரிழை கூடக்குறைய இருக்கும். அதை ஓர் உருக்கு வளையத்துக்குள் தள்ளி எடுத்தால்தான் எல்லாம் ஒரே அளவாகும். அந்த வளையம் என் மேசையில் பூட்டியிருந்த கைப் பிரஸ்ஸுக்குள் இருந்தது. சன்னத்தை நிமிர்த்தி வைத்து, கைபிடியை இழுத்தால் அது வளையத்துக்குள் இறங்கும். இறங்கும்போதே பக்கத்திலிருந்து நீல மெழுகு வந்து அதன் பள்ளங்களை நிரப்பும். கைபிடியைத் தூக்கினால் மினுமினுவென்று, நீல வரி போட்ட சன்னம் மேலே வரும். மெழுகு இல்லாவிட்டால் சுடும்போது துவக்குக் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும் என்று முதலாளி சொன்னார்.

கைத்துவக்குச் சன்னம் குட்டை, சுளுவாக இறங்கும். ரைபிள் சன்னம் நீளம், சிலதுக்கு அடியில் செம்புத் தொப்பி வேறு மாட்டவேண்டும். தோள் நோகும். எதுவாக இருந்தாலும் சன்னம் நேராக நிற்கவேண்டும். ஒரு சாடை சரிந்தாலும் வளையத்தின் விளிம்பு ஒரு பக்கத்தைச் சீவிவிடும், நகம் வெட்டிய மாதிரி ஒரு துண்டு ஈயம் தொங்கும். அது நேராக நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். முதலாளி தந்த நீலக் கையுறையைப் போட்டால் விரலுக்கும் தெரியாது. அதனால் முதல் வாரத்திலேயே கழற்றி வைத்துவிட்டேன். அடியில் பிதுங்கி நிற்கும் மெழுகைப் பெருவிரலால் வழித்துவிடுவேன். பின்னேரம் நகக்கண் எல்லாம் நீலமாக இருக்கும்.

கையுறையைப் பற்றி அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். உருக்குகிறவர் அவர், ஈய ஆவி மூச்சில் போவது அவருக்குத்தான், என் பக்கம் குளிர்ந்த ஈயம்தானே என்று இருந்தேன். அவரும் இரத்தப் பரிசோதனைக்குத் தான் மட்டுமே போய்வந்தார்.

இனிச் சாப்பாடு. அவர் மத்தியானத்தில் வெளியில் நிற்கும் தன் வான் வண்டிக்குள் இருந்து சாண்ட்விச் சாப்பிடுவார், கடதாசியால் பிடித்து. நான் சோறு கொண்டுபோவேன். கரண்டியால் சாப்பிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இராது. ஆனால் ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால் விரலால் குழைத்துச் சாப்பிடவும் ஏலாது, அவ்வளவு கூச்சம். அவர் வானுக்குப் போனதும் சோப் போட்டுக் கை கழுவிவிட்டு, பெட்டிகள் அடுக்கிய சின்ன அறைக்குள் போய், கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து இருந்து சாப்பிடுவேன். அவர் திரும்பி வரும்போது டப்பா பைக்குள் போயிருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படித்தான். அவர் ஒருநாளும் காணவில்லை.

மகள் ஏழாம் மாதம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலைப்பிள்ளை, தாய் வீட்டில்தானே பெறவேண்டும். குரோய்டனில் அவர்கள் இருக்கிற பிளாட்டில் லிப்ட் அடிக்கடி நின்றுவிடும், மருமகனுக்கு ஷிப்ட் வேலை. வேலையை லாப்டொப்பில் எங்கிருந்தும் செய்யலாம் என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்த அன்று பின்னேரமே, "அம்மா, குழையல்" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

அது எங்கள் வீட்டில் அவள் நடக்கப் பழகின நாளிலிருந்து இருக்கிற பழக்கம். மத்தியானச் சோற்றில் பருப்பு, கீரை, மீன் குழம்பு எல்லாவற்றையும் சட்டிக்குள் போட்டு, பொரித்த மிளகாயை நொறுக்கி, கையால் நன்றாகக் குழைத்து, உருட்டி உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைப்பேன். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள், அலுவலகத்தில் பெரிய பெரிய ஆட்களோடு இங்கிலீஷில் கதைக்கிறவள், குழையல் என்றால் சட்டியைச் சுற்றி வருவாள். கலியாணம் செய்த பிறகும் சனி ஞாயிறில் வந்தால் அதுதான். இப்போது இரண்டு பேருக்குப் பசி. நான் பெரிய உருண்டையாகவே வைத்தேன். என் கணவரும் கையை நீட்டுவார். "எனக்கும் ஏழு மாதம்" என்று தன் வண்டி வயிற்றைத் தடவிக் காட்டுவார்.

மகள் வந்து இரண்டாம் வாரம். மத்தியானம் நான் அந்தச் சின்ன அறைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. முதலாளி வான் சாவியை மறந்துவிட்டு வந்திருக்கிறார். நான் எழும்பி நின்று சோற்றுக் கையைப் பின்னால் மறைத்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார். கரண்டி எங்கே என்று தேடுகிற மாதிரிப் பார்த்தார். பிறகு நான் மறைத்த கையின் பக்கம் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இத்தனை நாளும் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அருவருப்புப் படுகிறார். "சாரி" என்றேன். "ஐ வாஷ். ஐ வாஷ் வெரி குட்."

"கையாலா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். "எப்போதும்?"

"சாரி" என்றேன் மறுபடியும்.

"இல்லை, லவ்" என்றார். அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார், தபால்காரரைக்கூட. முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டு நான் திடுக்கிட்டிருக்கிறேன். அன்றைக்கு அது காதிலேயே விழவில்லை. அவர் ஒரு பெட்டிமேல் இருந்துகொண்டார். "நான் சொல்வது உங்கள் பழக்கத்தைப் பற்றி இல்லை. ஈயத்தைப் பற்றி."

என்னை எழுப்பிக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். வழக்கமாக எப்படிக் கழுவுவேனோ அப்படிக் கழுவச் சொன்னார். வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி, விரல் விரலாகச் சோப் போட்டுக் கழுவித் துடைத்தேன். மேசையில் ஈயத்தூசி இருக்கிறதா என்று பார்க்கிற, ஈயம் பட்டால் சிவக்கிற பஞ்சுக் குச்சி அவரிடம் இருந்தது. அதை நனைத்து என் விரல் நுனிகளிலும் நக விளிம்பிலும் மெதுவாகத் தேய்த்தார். வெள்ளைப் பஞ்சு கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு, தண்ணீரில் குங்குமம் கரைகிற மாதிரி, நடுவிலிருந்து சிவந்தது.

"மெழுகு ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கிறது" என்றார். "சோப்புக்கு அது போகாது. நீங்கள் அந்த விரலால்..."

எனக்கு என்னைப் பற்றிய நினைப்பே வரவில்லை. "மை டோட்டர்" என்றேன். "பேபி. ஐ மேக் ஃபுட். திஸ் ஹாண்ட்." என் கையை நானே அவருக்குக் காட்டினேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஈயம் தாயின் இரத்தத்தில் இருந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் போகும் என்று எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். பிள்ளையின் மூளைக்குத்தான் கூடாது. எவ்வளவு போனது என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது, இரத்தம்தான் சொல்லும். எனக்கும் பரிசோதனை, மகளுக்கும் பரிசோதனை. "இன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள்." நான் தலையாட்டினேன். அவர் பிரஸ்ஸின்மேல் துணியைப் போட்டு மூடினார். கையுறையோடு பெட்டிகளுக்கு லேபிள் மட்டும் ஒட்டச் சொன்னார். ஈயத்துக்கென்று இருக்கிற தனி கை கழுவும் திரவம் ஒரு போத்தலும் சில பஞ்சுக் குச்சிகளும் தந்தார். தன்னுடைய பிழை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. யார் பிழை என்று தெரிந்து பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது?

அன்று பின்னேரம் நான் சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். அவள் சோபாவில் காலை நீட்டி, வயிற்றின்மேல் லாப்டொப்பை வைத்துக்கொண்டு யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். நான் குசினிக்குள் போய்விட்டேன். சுட்டுவிரலில் ஒரு பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு, கரண்டியால் சோற்றைக் கலந்து சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

"இது என்ன?"

"விரல் வெட்டிப் போட்டுது பிள்ளை. கரண்டியால சாப்பிடு."

"கரண்டியில சாப்பிட்டா இது ரைஸ் அண்ட் கறி. குழையல் இல்லை." ஒரு வாய் சாப்பிட்டு வைத்துவிட்டாள். "எங்க, காட்டுங்கோ விரலை."

"சின்னக் காயம்."

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்து வந்த இவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இஞ்சேரும், நேற்றுச் சுட்டுவிரல். இண்டைக்கு நடுவிரல். காயம் நடந்து திரியுதோ?"

மகள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதை நான் விட்டிருந்தேன். பிள்ளை துடிக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்று அவள் கூப்பிட்டால் அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று போய்விடுவேன். தொடுவதால் ஒன்றும் ஆகாது என்று முதலாளி சொல்லியிருந்தார். சொன்னது விளங்கியது, கைதான் போகவில்லை.

"அம்மா, நான் வந்தது உங்களுக்குக் கரைச்சலா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "கரைச்சல் எண்டா சொல்லுங்கோ. குரோய்டனுக்குப் போறன்."

"விசர்க் கதை கதையாதை" என்றேன். என் குணம் இதுதான். சொல்லவேண்டிய விஷயம் பெரிதாகப் பெரிதாக வாய் சின்னதாகிவிடும். சின்ன வயதிலிருந்து அப்படி. கடையில் பிழையான சாமானைத் தந்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கை கழுவுவதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது. முதலாளி தந்த திரவத்தால் கழுவினேன். அது போதாதென்று, வெண்கல விளக்குத் தேய்க்கிற மாதிரிப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். தோல் வெடித்துவிட்டது. வேலைக்குப் போட்டுப்போன உடுப்புகளைத் தனியாகத் தோய்த்தேன். பிறகு அந்த மெஷினில்தானே மகளின் உடுப்பும் போகிறது என்று நினைத்து, வெறும் மெஷினை ஓடவிட்டேன். போனில் ஈயம், கர்ப்பம் என்று தமிழில் அடித்துப் பார்த்தேன். வந்ததை வாசித்துவிட்டு அழித்தேன். வாசித்தது அழியவில்லை.

ஒரு காலை மகள் மேலே நித்திரையாக இருந்தாள். பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன். முதலில் குழாய்த் திருகியைத் தேய்த்தேன். நிறம் மாறவில்லை. பிரிட்ஜ் கைபிடி, ஒன்றுமில்லை. குழையல் சட்டி, ஒன்றுமில்லை. எனக்கு மூச்சு வந்தது. வீணாகப் பயந்தேன் என்றுகூட நினைத்தேன். கடைசிக் குச்சியை உப்புப் போத்தல் மூடியில் தேய்த்தேன். வேலையால் வந்த கையோடு அடுப்படிக்குப் போனால் நான் முதலில் திறக்கிற மூடி அதுதான்.

இளஞ்சிவப்பு. மிக லேசாக. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல முடியவில்லை. உப்பையும் போத்தலையும் கட்டிக் குப்பையில் போட்டேன். அந்த உப்பு எத்தனை கறிக்குள் போயிருக்கும் என்று நினைத்ததும் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

அன்றுதான் மகளுக்கு மிட்வைஃபைப் பார்க்கிற நாள். வழக்கமாக நான் வெளியே கதிரையில் இருப்பேன். அன்று உள்ளே போனேன். மகள் ஒரு மாதிரிப் பார்த்தாள். மிட்வைஃப் வயிற்றை அளந்தார், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கச் செய்தார். எல்லாம் நல்லாக இருக்கிறது என்றார். ஏதாவது கவலை உண்டா என்று மகளைக் கேட்டார். "நோ" என்று மகள் எழும்பி ஜாக்கெட்டைப் போடத் தொடங்கினாள்.

"யெஸ்" என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. கைகளை மேசைமேல் வைத்தேன். "மை ஜொப், லெட்" என்றேன். ஈயம் என்கிற சொல்லை முதலாளியிடமிருந்து நன்றாகக் கேட்டுப் பழகியிருந்தேன். "லெட் இன் மை ஹாண்ட். வாஷ், நொட் கோயிங். ஐ ஃபீட் ஹர்."

மிட்வைஃப் மகளைப் பார்த்தார். "அம்மா உங்களுக்கு ஊட்டிவிடுகிறாரா?"

மகளின் முகம் சிவந்து போயிற்று. "இல்லை, ஊட்டுறது இல்லை, அது வந்து..." என்று இங்கிலீஷில் தொடங்கி, சோறு, கை, உருண்டை என்று காற்றில் உருட்டிக் காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. உருட்டிய கை நடுவில் நின்றது. என்னிடம் திரும்பினாள். "அம்மா, பிளாஸ்டர் போட்டது இதுக்கா?"

நான் தலையாட்டினேன்.

மிட்வைஃப் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. என்ன வேலை, எவ்வளவு காலம், வீட்டில் வேறு யார் என்று கேட்டார். மகள் எனக்காக இங்கிலீஷில் சொன்னாள். அவள் குரல் வேலையில் கதைக்கிற குரல் மாதிரி நேராக, சூடில்லாமல் இருந்தது. அன்றைக்கே மகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். ஊசி ஏறும்போது நான் அவள் தோளைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் இருந்தாள்.

"எனக்கு முதல்ல சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"அவவுக்கு முன்னால நான் அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி நிண்டன். சீரியஸ்லி அம்மா."

"ஓம் பிள்ளை."

"ஓம் ஓம் எண்டாதேங்கோ. எனக்குக் கோபம். கொஞ்சம் கோபமா இருக்க விடுங்கோ."

விட்டேன். இரண்டு பஸ் தரிப்புத் தாண்டி அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிரிக்கிறாள். "காயம் நடந்து திரியுதோ எண்டு அப்பா கேக்க, நீங்கள் அந்த விரலைப் பாத்த பார்வை" என்று சொல்லிச் சிரித்து, அப்படியே அழுதுவிட்டாள். அவள் வயிற்றில் கைவைத்து அழுதது அதுதான் முதல் தடவை. நான் பைக்குள் டிஷ்யூவைத் தேடி எடுத்து, நுனியால் பிடித்து நீட்டினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் அவளே சொன்னாள். அன்று முழுக்க இவர் ஒரு பகிடியும் விடவில்லை. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. அலுமாரியிலிருந்த போத்தல் டப்பா எல்லாவற்றையும் இறக்கி, அதன் தட்டுகளைத் துடைத்து, திரும்ப அடுக்கினார். அடுத்த நாளும் இறக்கினார்.

ரிசல்ட் வரும்வரைக்கும் வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். "துடிச்சுதா?" என்று கேட்பேன். "துடிச்சது." "எப்ப?" "இப்ப, நீங்கள் கேக்க முன்னம்." "பலமாவா?" "அம்மா!" அவள் போனில் என்ன வாசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வந்தால் திரையைத் திருப்பி வைப்பாள். முதலாளி அனுப்பிய இடத்தில் கொடுத்த என்னுடைய இரத்தத்தின் ரிசல்ட் முதலில் வந்தது. இருக்கவேண்டியதைவிடக் கூட, மருந்து தேவையில்லை, அந்த வேலையை விட்டுத் தள்ளியிருந்தால் மெல்ல மெல்ல இறங்கும் என்று டொக்டர் சொன்னார். என்னில் கூட என்றால் அவளில்? அந்தக் கேள்வியோடு எழும்பினேன், அந்தக் கேள்வியோடு படுத்தேன்.

அவள் போன் அடித்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் "யெஸ், யெஸ்" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லோ, அம்மா. பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. ட்ரீட்மென்ட் ஒண்டும் வேண்டாமாம்."

"லோ எண்டா எவ்வளவு?"

"லோ எண்டா லோ."

"இல்லையெண்டு சொல்லேல்லையே. கொஞ்சம் இருக்கெண்டுதானே?"

"எல்லாருக்கும் கொஞ்சம் இருக்குமாம். ரோட்டால, பழைய பெயின்டால, பழைய தண்ணிக் குழாயால. லண்டனில இருக்கிற எல்லாருக்கும்."

"அந்தக் கொஞ்சமா, அதைவிடக் கூடின கொஞ்சமா?"

"அம்மா, இது என்ன மீன் கடையா? பேரம் பேசிறீங்கள்."

இவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாடா" என்றார். பிறகு, நாள்கணக்காக அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து, "அப்ப பேரன் சன்னம் மாதிரி வெளியில வருவான்" என்றார். நான் மடித்து வைத்த துவாயை எடுத்து மகள் அவருக்கு எறிந்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கொஞ்சம் எனக்குள் தங்கிவிட்டது. அதில் ரோட்டின் பங்கு எவ்வளவு, குழாயின் பங்கு எவ்வளவு, என் விரலின் பங்கு எவ்வளவு என்று எந்த டொக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலாளியிடம் போய், வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று சொன்னேன். அதுவும் ஒரு தலையாட்டலோடு இரண்டு சொல்லில்தான் சொன்னேன். மகளின் ரிசல்ட்டைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிரஸ்ஸுக்குப் புதிதாக ஒருவரை எடுத்திருக்கிறாராம். முதல் நாளே எதால் சாப்பிடுவாய் என்று கேட்டுவிட்டதாகச் சொன்னார்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் ஒரு காலையில் பிறந்தது, பெண் பிள்ளை. அழுகை கதவுக்கு வெளியிலேயே கேட்டது. என்னை உள்ளே விட்டபோது மகள் களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தாள். மருமகன் பிள்ளையை ஏந்திக்கொண்டு எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார். "மாமி, வாங்கோ, பிடியுங்கோ" என்றார்.

"நிண்டுகொள்ளுங்கோ, வாறன்" என்று மூலையிலிருந்த கை கழுவும் பேசினுக்குப் போனேன். பிரஸ்ஸைத் தொட்டு வாரக்கணக்காகிவிட்டது. தெரியும். சோப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை கழுவினேன். தண்ணீரை நிறுத்தினேன். நகக்கண்ணைப் பார்த்தேன். திரும்பவும் தண்ணீரைத் திறந்தேன்.

பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, கை நல்ல சுத்தம், போதும் என்றார். நான் இன்னொரு தடவை சோப்பை அழுத்தினேன்.

"அம்மா" என்று கட்டிலிலிருந்து மகள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. "பிள்ளை அழுகுது. வாங்கோ."

துடைக்கக் கடதாசி தேடினேன். கிடைக்கவில்லை. ஈரக் கையை நீட்டியபடியே போனேன்.